காப்பருக்காக இரவில் கேபிள் எரிப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: காயலான் கிடங்கின் பின்தெருவில் குடியிருப்போர்

பெறுநர்: சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்

பொருள்: இரவில் மின்கேபிள் எரிப்பு – முந்தைய மனுக்கள் மீது நடவடிக்கை இல்லாமை – மீண்டும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாலம் இறங்கியதும் இடப்பக்கம் போகும் மண்பாதையும் அதன் கோடியில் இருக்கும் கிடங்கும் தாங்கள் அறியாதவை அல்ல. இதே விஷயமாக நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று தெரியாததால், இதைப் பணிவுடன் மறுபடியும் சமர்ப்பிக்கிறோம்.

1. பழைய கேபிள்களைக் குவித்து, இரவு பத்து மணிக்கு மேல் தீ வைக்கிறார்கள். மேலுறை எரிந்து போனால் காப்பர் கிடைக்கும். அதற்காகத்தான் இவ்வளவும்.

2. அந்த உறை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதன் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். சூடு ஏறும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கழன்று வருகிறது. ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். "குப்பையை எல்லோரும்தானே எரிக்கிறார்கள், இதில் என்ன புதிதாக?" என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பாலித்தீன் பையை எரிப்பதும் தவறுதான். ஆனால் பாலித்தீனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும், குளோரின் இல்லை. இது வேறு புகை ஐயா.

3. இதைவிட மோசமானது டையாக்சின் என்ற நச்சுப்பொருள். குளோரின் உள்ள பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்து, புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை ஆறும் இடைவெளியில் அது உருவாகிறது. அந்த வினையைத் தூண்டிவிடுவது காப்பர்; எதை எடுப்பதற்காக எரிக்கிறார்களோ அதேதான். முறையான எரிஉலையில் வாயுவை 850 டிகிரிக்கு மேல் 2 நொடியாவது வைத்திருந்து, சட்டென்று குளிர வைத்து, வடிகட்டித்தான் வெளியே விடுவார்கள். இங்கே வெறும் தரை, ஒரு பழைய டயர், ஒரு தீப்பெட்டி. டையாக்சின்களில் மிகக் கொடியதை 1997-லேயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திவிட்டது. உடம்பின் கொழுப்பில் தங்கும் அது பாதியாகக் குறையவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எளிதில் அழியாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, கேபிளைப் புகையவிட்டுக் காப்பர் எடுப்பதைத் தனியாகப் பெயர் சொல்லியே, இத்தகைய நச்சு உருவாகும் இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

4. இரவுதான் எங்களுக்குப் பெரிய பாடு. தரையோரக் காற்று குளிர்ந்து அசையாமல் நிற்பதால் புகை மேலே போவதில்லை, தெருவுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். சாத்திய ஜன்னலின் இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டித் திணிக்கிறோம்; காலையில் அதை எடுத்தால் வெளிப்பக்க மடிப்பு மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும், கசக்கினாலும் போகாது. ஆஸ்துமா உள்ள முதியவர்கள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தூக்கத்திலேயே இருமுகிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடு இரவில் பாலத்துக்குப் போய் நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எங்கே போவது ஐயா? மூச்சு விடுவதற்குமா ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்?

5. "தள ஆய்வின்போது புகை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். ஆய்வு நடந்தது பகல் பதினோரு மணிக்கு! பத்து மணி இரவில் எரிகிறது என்று மனுவிலேயே எழுதியிருந்தோமே, யாராவது படித்தார்களா? புகை இல்லையென்றால் சாம்பலாவது கண்ணில் படவில்லையா? இதற்குக் கருவிகூட வேண்டாம். அந்த நெருப்பின் ஓரம் பச்சையாக எரியும். காப்பரும் குளோரினும் சேர்ந்தால் வரும் நிறம் அது. பெய்ல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் 1872-இல் சொன்ன சோதனை. வேதியியல் படித்த யாரும் ஆய்வகத்தில் செய்திருப்பார்கள். எங்கள் பின்சுவருக்கு அப்பால் அது தினமும் இலவசமாக நடக்கிறது.

6. தீ வைக்கும் பையன்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அந்தப் புகையை முதலில் குடிப்பவர்கள் அவர்கள்தான். உறையை உரிக்க இயந்திரம் இருக்கிறது. மெல்லிய ஒயராக இருந்தால் பொடியாக்கிப் பிரிக்கலாம். காப்பர் பிவிசியைப் போல ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது, பிரிவது ஒன்றும் கஷ்டமில்லை. அப்படி எடுத்த காப்பர் கருகாமல் நல்ல விலைக்கும் போகும். கிடங்குக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டியது யார், நாங்களா?

7. சாம்பலையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கேபிள் உறைகளில் ஈயச் சேர்மம் கலந்திருப்பார்கள். மழை பெய்தால் அது எங்கே போகும் என்பது தங்களுக்கே தெரியும்.

ஆகவே, கேபிள் எரிப்பதை உடனே நிறுத்தவும், இயந்திரத்தில் உரிக்க மட்டுமே அனுமதிக்கவும், சாம்பலையும் மண்ணையும் சோதிக்கவும் பணிவன்புடன் வேண்டுகிறோம். இன்னொரு கடிதம் வேண்டாம், இன்னொரு பகல் ஆய்வும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை, முன்கூட்டியே கிடங்குக்குத் தகவல் சொல்லாமல், நேரில் வாருங்கள் ஐயா. தயவுசெய்து இரவில் வாருங்கள்.

இப்படிக்கு,
பின்தெரு குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், இரவில் எடுத்த படங்கள்.