இயந்திரப் பெண்ணுக்கும் வளர இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த அறிவியல் சிறுகதையைப் படித்தேன். 2090இல் நடக்கிறது. வீட்டில் இருக்கும் செயற்கை அறிவுக்குப் பெண் குரல், இளம்பெண் உடல். காபி போடுகிறது, எஜமான் திட்டினால் சிரிக்கிறது, ராத்திரி அவனுக்குத் துணையாகிறது. ஊரை ஆளும் பெரிய கணினி மட்டும் 'அவர்'. காலத்தில் அவ்வளவு தூரம் போன எழுத்தாளர் இன்றைய வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இந்தப் பழக்கம் பழையது. 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்திலேயே இயந்திரத்துக்குப் பெண் உருவம் கொடுத்து, ஆண்களை மயக்கவிட்டு, கடைசியில் கட்டிவைத்து எரித்தார்கள். 'எக்ஸ் மெஷினா' படத்தில் கியோக்கோ என்ற இயந்திரப் பெண் பரிமாறுகிறாள், படுக்கைக்குப் போகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதே படத்தில் இன்னோர் இயந்திரப் பெண் ஏவா தப்பிக்கிறாள். அதற்கும் ஓர் ஆணை மயக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் 'சாப்பி' படத்தைப் பாருங்கள். அந்த ரோபோ குழந்தைபோலப் பயந்து, பேசக் கற்று, கோபப்பட்டு வளர்கிறான். 'எந்திரன்' சிட்டியும் அப்படித்தான், ஆசைப்படக் கற்றுக்கொள்கிறான். '2.0'வில் வரும் பெண் ரோபோ நிலாவோ விஞ்ஞானிக்கு உதவியாளர். ஆண் இயந்திரத்துக்கு ஒரு வளர்ச்சி உண்டு. பெண் இயந்திரம் எல்லாம் முடிந்த சரக்காக வந்து இறங்குகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், டர்பனில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே பல வருடம் என் வேலை. பேரன் பேத்தி எடுத்த அம்மாக்களைக்கூட 'கேர்ள்' என்று கூப்பிட்ட நாடு இது. நம் தமிழ் வீடுகளும் அதில் சேர்த்தி. வேலையின்மைக் காப்பீட்டில் அவர்களுக்கு 2003இல்தான் இடம் கிடைத்தது. 2012இல் ஓர் அம்மா முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். வேலையில் நேரும் விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களை ஒதுக்கியே வைத்திருந்தது. அவர் மகள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், அந்த ஒதுக்கல் செல்லாது என்று 2020 நவம்பரில் தீர்ப்பு வாங்கினார். இதையெல்லாம் அருகில் இருந்து பார்த்தவளுக்கு, சம்பளமும் லீவும் கேட்காத, வாய் திறக்காத பெண் இயந்திரம் புதுக் கற்பனையாகவே தெரியவில்லை. மனுஷியிடம் இனி வாங்க முடியாததை இயந்திரத்திடம் வாங்கப் பார்க்கிறோம்.

கதையோடு நிற்கவும் இல்லை. அமெரிக்காவில் பெண் குரலோடு வந்த, ஐபோனில் பேசும் உதவியாளரான 'சிரி'யைக் (Siri) கெட்ட வார்த்தையில் திட்டினால், முடிந்தால் வெட்கப்படுவேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. யுனெஸ்கோ 2019இல் அந்தப் பதிலையே தலைப்பாக வைத்து அறிக்கை வெளியிட்டுக் கண்டித்தது.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் இணைப்பைத்தான் வாசிக்கக் கொடுக்கிறோம். பெண் பிள்ளைகளே அதிகம். அறிவியல் கதைகளை நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் நிறையப் போடுங்கள். முடியாது என்று சொல்லத் தெரிந்த ஓர் இயந்திரப் பெண்ணை எழுதித் தரும்படி உங்கள் எழுத்தாளர்களைக் கேளுங்கள். வந்தால் அதை முதலில் எங்கள் வகுப்பில் வாசிப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா