காற்றுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை மாநகராட்சியில் குப்பையைச் சுகாதாரப் பிரிவும், சாலைகளைப் பொறியியல் பிரிவும் கவனிக்க, காற்றை அளப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், காலநிலைப் பணி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்திடமும் இருப்பதால், புகையில் தவிப்பவர் யாரிடம் முறையிடுவது என்பதே தெளிவாக இல்லை. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை மறக்க முடியுமா? அவ்வளவு ஏன், எங்கள் தெருவில் குழாய் பதித்த ஒப்பந்ததாரர் அள்ளாமல் விட்ட மண், பேருந்து போகும்போதெல்லாம் எழுந்து டீக்கடைப் பலகாரத் தட்டுகளில் படிகிறது. துணை ஆணையர் நிலையில் ஒருவரைப் பொறுப்பாக்கி, 5 மண்டலங்களிலும் காற்றில் மிதக்கும் நுண்துகள் (PM2.5) அளவைக் கண்டறிந்து, 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நாள்களையும் எடுத்த நடவடிக்கையையும் மாமன்றக் கூட்டந்தோறும் அவர் அறிக்கையாக வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சிங்காநல்லூர்