விமானம் கிளம்பும் முன்பே விழும் இடம் முடிவாகிவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்களைப் பற்றிய செய்திகளில் எவ்வளவு போனது, யாரிடம் கடன் வாங்கினார் என்பதெல்லாம் வருகிறது. அந்தப் பணம் எப்படிப் போனது என்பது மட்டும் வருவதில்லை. படித்து முடிக்கும் இளைஞர், “அவருக்கு ஆடத் தெரியவில்லை, நான் சரியான நேரத்தில் எடுத்துவிடுவேன்” என்று நினைக்க இடம் இருக்கிறது. ‘கிராஷ்’ வகை விளையாட்டுகள் பிழைப்பதே இந்த நினைப்பில்தான். அவற்றின் கணக்கை வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

2014 வாக்கில் பிட்காயின் சூதாட்டத் தளங்களில் முளைத்த வகை இது. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஸ்பிரைப் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘ஏவியேட்டர்’ இதை நம் ஊர் கைப்பேசிகள் வரை கொண்டுவந்தது. திரையில் ஒரு சிறு விமானம் கிளம்பும். பக்கத்தில் ஓர் எண் 1.00-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். விமானம் பறந்து மறைவதற்குள் ‘கேஷ் அவுட்’ பொத்தானை அழுத்தினால், கட்டிய பணம் அந்த எண்ணால் பெருக்கிக் கிடைக்கும். அழுத்துவதற்குள் மறைந்துவிட்டால் கட்டியது முழுதும் போச்சு. அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டக் கிடைப்பது சில விநாடிகள்தான். ஒரே சுற்றில் இரண்டு பந்தயம் கட்டலாம். தானாகவே கட்டவும் எடுக்கவும் வசதி உண்டு.

விமானம் எங்கே மறையும் என்பது அது பறக்கும்போது தீர்மானமாவதில்லை. சர்வரில் முன்பே உருவாக்கி வைத்த ஒரு ரகசியச் சரம் (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர்), அந்தச் சுற்றில் முதலில் பந்தயம் கட்டிய மூவரின் கருவிகளிலிருந்து வரும் சரங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, ‘ஹாஷ்’ என்ற கணித முறையில் கணக்கிட்டு, விமானம் மறையும் எண்ணை எடுக்கிறார்கள். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்போது விடை தயார், மீதியெல்லாம் அனிமேஷன். சுற்று முடிந்ததும் ரகசியச் சரத்தை வெளியிடுவதால், விடையை நடுவில் மாற்றவில்லை என்று யாரும் சரிபார்க்கலாம். ‘நிரூபிக்கத்தக்க நேர்மை’ என்று விளம்பரம் செய்வது இதைத்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூத்திரத்துக்குள்ளேயே நிறுவனத்தின் பங்கு உட்கார்ந்திருக்கும்போது, சூத்திரத்தை நேர்மையாகப் பின்பற்றினால் ஆடுபவருக்கு என்ன லாபம்?

பங்கு எவ்வளவு என்பதை அவர்களே சொல்கிறார்கள்: 97 சதவீதம் திரும்பக் கிடைக்கும். 97-ஐ நீங்கள் குறிவைக்கும் மடங்கால் வகுத்துப் பாருங்கள். 100 சுற்றில் சராசரியாக எத்தனை முறை விமானம் அந்த உயரத்தை எட்டும் என்பது வரும். 1.5 மடங்கை ஏறத்தாழ 65 முறை எட்டும். 2 மடங்கை 48 அல்லது 49 முறை, 10 மடங்கை 9 அல்லது 10 முறை, 100 மடங்கை ஒரே ஒரு முறை. 3 சுற்றுகளில் எண் நகராமல் 1.00-இலேயே முடிந்துவிடும், பொத்தானைத் தொடக்கூட நேரம் இருக்காது. இனி, சுற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 100 சுற்று ஆடினால் கிடைக்கும் பணத்தைக் கணக்கிடுங்கள். 2 மடங்கில் 48.5 முறை என்றால் 97. 10 மடங்கில் 9.7 முறை என்றாலும் 97. எங்கே அழுத்தினாலும் 100 ரூபாய்க்குச் சராசரியாக 97 ரூபாய்தான் திரும்புகிறது. பொத்தான் உங்கள் கையில் இருப்பதால், எப்போது தோற்பது, எவ்வளவு பெரிய துண்டாகத் தோற்பது என்பது மட்டுமே மாறும்.

“நூற்றுக்கு மூன்று ரூபாய்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மூன்று ரூபாய், நீங்கள் செயலியில் போட்ட பணத்துக்கு அல்ல. ஒவ்வொரு முறை கட்டும் பந்தயத்துக்கும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றே வையுங்கள். மணிக்கு 120 சுற்று. சுற்றுக்கு 100 ரூபாய் என்றால் 12,000 ரூபாய் புரள்கிறது. சராசரி இழப்பு 360 ரூபாய். இரண்டு பந்தயமாகக் கட்டினால் 720. அப்படி இரண்டாகக் கட்டினால், கையில் 2,000 ரூபாயோடு உட்கார்ந்தவர் சராசரியாக மூன்று மணி நேரத்தில் வெறுங்கையோடு எழுந்துவிடுவார். இது சராசரி என்பதால் சிலர் அன்று லாபத்தோடும் எழுவார்கள். மறுநாள் அவர்களைத் திரும்ப அழைத்து வருவது அந்த லாபம்தான்.

தோற்காத வழி என்று இரண்டு ‘உத்தி’கள் யூடியூபில் சுற்றுகின்றன. முதலாவது, 1.2 மடங்கிலேயே எடுத்துவிடுவது. 100 ரூபாய் வீதம் 100 சுற்று ஆடினால் சராசரியாக 81 முறை 20 ரூபாய் கிடைக்கும். 19 முறை 100 ரூபாய் போகும். துல்லியமாகக் கணக்கிட்டால் வரவு 1,617, செலவு 1,917. அதே 300 ரூபாய் நஷ்டம்தான். அடிக்கடி ஜெயிப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது: 2 மடங்கைக் குறிவைத்து, தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பது. 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400 என்று ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் காலி. வெல்லும் ஒவ்வொரு தொடரிலும் கிடைப்பதோ வெறும் 100 ரூபாய். ஏழு தோல்வி தொடர்ந்து வருமா என்றால், 120 சுற்று ஆடும் ஒரு மணி நேரத்தில் அப்படி ஒரு தொடர் வர ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆடினால் மூன்றில் இரண்டு பங்கு.

திரையின் மேலே நீலம், ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் முந்தைய சுற்றுகளின் எண்கள் வரிசையாக ஓடும். இளஞ்சிவப்பு என்றால் 10 மடங்கும் அதற்கு மேலும். “ரொம்ப நேரமாக இளஞ்சிவப்பு வரவில்லை, இனி வரும்” என்று காத்திருப்பவர்கள் ஏராளம். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பார்ப்பவர் அதில் ஏதோ ஒழுங்கைத் தேடட்டும் என்றுதான் அந்த வரிசையை அங்கே வைத்திருக்கிறார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. 1.5-இல் எடுத்தவருக்கு, விமானம் 14 வரை போவதைக் கண் முன்னே காட்டுவார்கள். காத்திருந்து இழந்தவருக்கு, 1.5-இல் எடுத்தவர்களின் பட்டியல் பக்கத்திலேயே தெரியும். ஜெயித்தாலும் தோற்றாலும் “கொஞ்சம் மாற்றி அழுத்தியிருக்கலாமே” என்ற எண்ணம் மிஞ்சுகிறது.

டெலிகிராமில் விற்கும் ‘பிரெடிக்டர்’ செயலிகள் முழு மோசடி. பந்தயம் கட்டுபவர்களின் சரங்களும் சேர்ந்தால்தான் விடையே பிறக்கிறது என்னும்போது, அதை முன்கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. அந்தச் செயலியின் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் ஆண்ட்ராய்டு கோப்பு) நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், அது குறிவைப்பது உங்கள் ஓடிபியை. இலவசமாக ‘சிக்னல்’ தருபவர்களும் தங்கள் இணைப்பு வழியாகத்தான் பதிவு செய்யச் சொல்வார்கள். அப்படிச் சேர்ந்தவர் இழக்கும் பணத்தில் ஆள் சேர்த்தவருக்குப் பங்கு தரும் ஒப்பந்தங்கள் இத்தொழிலில் சகஜம்.

இதுவரை சொன்னது அசல் விளையாட்டைப் பற்றி. இணையத்தில் அதன் தோற்றத்தைக் காப்பியடித்த போலிகளும் நிறைய. அவற்றில் 97 சதவீதமும் இல்லை, சரிபார்க்கும் வசதியும் இல்லை. சிறு தொகைக்கு ஜெயிக்க விட்டு, பெரிய தொகை கட்டியதும் விமானத்தை விழவைக்கலாம். பணம் கட்டும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் பெயரில் யுபிஐ முகவரி வந்தால், அவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள். அந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு ‘வெற்றித் தொகை’ வந்தால், அது எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாகவும் இருக்கலாம். புகார் வந்ததும் உங்கள் கணக்கும் முடங்கும். சம்பளக் கணக்கு முடங்கினால் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. பணத்தை எடுக்கப் போகும்போது “முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள்” என்று கேட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வரிப் பிடித்தம் என்பது கொடுக்கும் தொகையில் கழிப்பது. முன்பணமாக வாங்குவது அல்ல.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ரம்மி, போக்கர் திறமை விளையாட்டுகள் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றது. கிராஷ் விளையாட்டுக்கு அந்த வாதமும் இல்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சூதாட்டமே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனாலும் வெளிநாட்டு சர்வரில் இருக்கும் தளம், முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடியும் வருகிறது.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். “முதலில் இரண்டு லட்சம் வென்றார்” என்பதைத் தலைப்பில் போடாதீர்கள். அது இலவச விளம்பரம். அதற்குப் பதிலாகச் செய்தியின் அடியில், பணம் போனவர்கள் உடனே செய்ய வேண்டியதைப் போடுங்கள். மோசடி என்று தெரிந்ததும் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து போகும் முன் நிறுத்த அதுதான் வழி. தாமதமானால் வாய்ப்பு குறையும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் (பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் எண்), பெற்றவரின் யுபிஐ முகவரி, உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஏபிகே நிறுவியிருந்தால், வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும்) அனுமதி எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டார் கடனை அடைக்க முன்வந்தால் பணத்தை ஆடியவர் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடமே நேரடியாகக் கட்டுவது நல்லது. தூக்கமின்மை, உயிரை விடும் பேச்சு என்று எது தெரிந்தாலும், மனநல ஆலோசனைக்கான 14416 எண் 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கும்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.