காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பு முடிந்ததும் 'இதே நாளில்' என்று ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறோம். ஒரு மாணவர் முன்னால் வந்து, அன்றைய தேதியில் முன்பு எப்போதோ நடந்த ஒன்றைச் சொல்வார். ஐந்து நிமிடம்தான், ஆனால் மாலை மணி அடிக்கும்வரை பிள்ளைகளிடம் அதே பேச்சாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து, "சுவீடனில் ஒரு வருஷம் பிப்ரவரி 30 வந்திருக்கு, தெரியுமா?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். உண்மைதான், 1712இல் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த தேதி அக்டோபர் 4. 1957இல் அன்றுதான் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் விட்டம், சுமார் 84 கிலோ எடை. அந்த உலோகக் கோளம் 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. அதே தேதிக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1582இல் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் விடிந்து எழுந்தபோது தேதி அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை!

காரணம் ஒரு சின்னக் கணக்கு. பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்று வைத்திருந்தது. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. நூற்றாண்டுக் கணக்கில் அந்த நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து, மார்ச் 21ஐ ஒட்டி வர வேண்டிய, பகலும் இரவும் சமமாக இருக்கும் சமஇரவு நாள் மார்ச் 11க்கு வந்துவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாட்களை நீக்கிச் சரிசெய்தார். லீப் ஆண்டு விதியும் அப்போதுதான் மாறியது: 00இல் முடியும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு. 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு என்பது அதனால்தான். இதைக் கேட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அந்தப் பத்து நாளில் பிறந்தநாள் இருந்தவங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டது. இப்படி ஒரு கேள்வி வருமானால் தினமும் ஐந்து நிமிடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்து இந்த மாற்றத்தை 1752 வரை ஏற்கவில்லை. அதனால் நியூட்டனின் பிறந்தநாள் அங்கே 1642 டிசம்பர் 25. இன்றைய நாட்காட்டியில் 1643 ஜனவரி 4. 'கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கலிலியோ இறந்த தேதியைப் புதிய நாட்காட்டியிலும் (1642 ஜனவரி 8) நியூட்டன் பிறந்த தேதியைப் பழையதிலும் எடுத்தால்தான் அது பொருந்தும். நிலவுக்கும் இப்படி உண்டு. ஆம்ஸ்ட்ராங் அங்கே காலடி வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, இந்திய நேரப்படி 21ஆம் தேதி காலை எட்டரை மணி. ஆகவே இரண்டு புத்தகங்களில் இரண்டு தேதிகள் இருந்தால் ஒன்று தப்பு என்று உடனே முடிவுகட்டாமல், ஏன் என்று பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள்.

அப்புறம், தற்செயல்கள். ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8, கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து. அவர் இறந்தது 2018 மார்ச் 14, ஐன்ஸ்டீனின் பிறந்தநாள். டார்வினும் லிங்கனும் ஒரே நாளில் பிறந்தவர்கள்: 1809 பிப்ரவரி 12. கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது, சிலிர்க்கட்டும். கூடவே இதையும் சொல்லுங்கள்: 23 பேர் கூடியிருந்தாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 40 பேர் உள்ள வகுப்பில் அது கிட்டத்தட்ட 89 சதவீதம். பெரிய வகுப்புகளில் கணித ஆசிரியர்கள் இதைப் போட்டுக் காட்டுவார்கள்.

சரி, உங்களிடம் கேட்க வேண்டியது. பிள்ளையின் முறை எப்போது என்பதை வகுப்பாசிரியர் ஒரு வாரம் முன்பே டைரியில் எழுதி அனுப்புவார். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த ஒரு பக்கத்தைவிட, பிள்ளை தானே கண்டுபிடித்த நான்கு வாக்கியங்கள் எனக்குப் போதும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே கொண்டுவர வேண்டாம்; இரண்டு இடங்களிலாவது சரிபார்க்கச் சொல்லுங்கள். நூலகத்தில் கலைக்களஞ்சியங்களைத் தனி அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறோம், மதிய இடைவேளையில் பார்க்கலாம். பிறந்தநாள் அன்றே பேச விரும்பும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. அது விடுமுறையில் வந்தால் வேறொரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

டிசம்பர் 17 அன்று மட்டும் கூட்டம் மைதானத்தில் நடக்கும். 1903இல் அதே நாளில் ஆர்வில் ரைட் தங்கள் முதல் விமானத்தில் 12 விநாடி பறந்து கடந்த தூரம் 120 அடி. ஒரு ஜம்போ ஜெட்டின் நீளத்தைவிடக் குறைவு. பிள்ளைகள் நாடா பிடித்து அந்தத் தூரத்தை அளந்து, சுண்ணாம்புக் கோடு போடப் போகிறார்கள். நேரம் இருக்கும் பெற்றோர்கள் அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்