தாராவி மகளிர் குழுத் தலைவிகளுக்கு: கையெழுத்து இல்லாத ஜாமீன்

அன்புள்ள தலைவிகளுக்கு வணக்கம்.

குழுக் கடனில் ஒருவர் தவணை தவறினால் பாரம் மற்றவர்கள் தலையில் விழும். அதனால்தான் ஆள் பார்த்து ஜாமீன் கையெழுத்து வாங்குகிறீர்கள். அதே உறுப்பினர் இரண்டாயிரம் ரூபாய் அவசரத்துக்கு ஏதோ ஒரு கடன் ஆப்பை இறக்கி, அது காண்டாக்ட்ஸ் கேட்டதும் ‘அலோவ்’ தட்டினால் போதும், குழு மொத்தமும் ஜாமீன். யாரும் கையெழுத்துப் போடவில்லை. பணம் தாமதமானால் மிரட்டல் அவருடைய மாமியாருக்குப் போகும், தையல் வேலை தரும் சேட்டுக்குப் போகும், உங்களுக்கும் வரும்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பை எண்ணி முடித்ததும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அவரவர் போன் அவரவர் கையிலேயே இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, தேடும் இடத்தில் ‘பர்மிஷன் மேனேஜர்’ என்று அடிக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறுவதால் தேடுவதே சுலபம். உள்ளே காண்டாக்ட்ஸைத் தொட்டால் யாருக்கெல்லாம் அனுமதி போயிருக்கிறது என்று தெரியும். போன் ஆப், வாட்ஸ்அப் இருக்கட்டும். டார்ச், கேம், கடன் ஆப் எல்லாவற்றுக்கும் ‘டோன்ட் அலோவ்’. கால் லாக், போட்டோவுக்கும் இதே கணக்குதான். எஸ்எம்எஸ் பட்டியலில் மட்டும் கொஞ்சம் நிதானம்: யுபிஐ ஆப் சிம்மைச் சரிபார்க்க எஸ்எம்எஸ் அனுப்பும். அதை அடைத்தால் பதிவு பாதியில் நிற்கும், பயந்துபோய் மறுபடி எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள்.

இந்தப் பட்டியலில் வராத ஒன்றுதான் பெரிய வில்லங்கம்: அக்சஸிபிலிட்டி. பார்வை குறைந்தவர்கள் போன்றோருக்காக வந்த வசதி. இதை வாங்கிய ஆப் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும். செட்டிங்ஸில் அந்தப் பகுதிக்குப் போய், தெரியாத பெயர் ஏதாவது ஆனில் இருந்தால் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) தட்டியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. அப்புறமும் ஆப்பை நீக்க முடியவில்லையா? ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடி, அங்கே அதை முடக்கிவிட்டு முயலுங்கள்.

ஆனால் ஆப்பை நீக்கினாலும் போன நம்பர்கள் திரும்பி வராது. அவை அவர்களுடைய சர்வரில் ஏறியிருக்கும். ஆகவே மிரட்டல் வந்தவர் எதையும் அழிக்கும் முன் கடன் விவரம், பணம் கேட்ட யுபிஐ ஐடி, மெசேஜ்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கட்டும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் சொல்லும்போது இவை வேண்டும்.

‘கடன் வேணும்னா கொடுத்துத்தானே ஆகணும்’ என்பார்கள். இல்லை. கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், கால் லாக், ஃபைல், போட்டோ ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றை மட்டும் கேஒய்சிக்காக (ஆள் அடையாளம் சரிபார்க்க) ஒரு தடவை, சம்மதம் வாங்கிக் கேட்கலாம். அப்போது ‘ஒன்லி திஸ் டைம்’ போதும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-வது பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: மருத்துவ ஆலோசனை ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டு, ஆள் சம்மதித்தாலும், அந்தச் சம்மதம் மருத்துவத்துக்குத் தேவையான தகவலோடு நின்றுவிடும். காண்டாக்ட்ஸ் கேட்கும் கடன் ஆப், வட்டியைச் சொல்வதற்கு முன்னாலேயே விதியை மீறிவிட்டது.

கடைசியாக ஒன்று, சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. குழுவில் எல்லார் நம்பரும் இருப்பது உங்கள் போனில். பாங்குக்கு அனுப்புவதற்காக எடுத்த ஆதார், பாஸ்புக் போட்டோக்களும் உங்கள் கேலரியில்தான் கிடக்கின்றன. வேலை முடிந்த போட்டோக்களை நீக்கி, குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். சோதனையை உங்கள் போனிலிருந்தே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
தாராவியில் செல்போன் பழுது பார்ப்பவர்கள் சிலர்