விமானி பேர்ச்சல் நினைவுக்கல்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

ரொறன்ரோவில் நமது திருகோணமலை மக்களின் மண்டபப் பின்வளவில் விமானி பேர்ச்சலுக்கு நினைவுக்கல் நாட்டும் திருப்பணி நிறைவேறிவிட்டது. கல் நிமிர்ந்து நிற்கிறது, வாங்கு போட்டாயிற்று, நடைபாதை செப்பனிட்டாயிற்று. இரண்டு பக்கத்தில் அறிக்கையை முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்விகளையும், கூட்டத்தில் வாய் திறக்காமல் பிறகு தொலைபேசியில் கேட்கப்பட்ட கேள்விகளையும் விட்டுவிட்டு எழுதினால் இது அறிக்கையாக இராது. ஆகவே நீளம் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த ஆள் யார் என்று இன்னமும் கேட்பவர்களுக்காக. லியனார்ட் பேர்ச்சல் 1915இல் ஒன்ராறியோவின் சென் கத்தரீன்ஸில் பிறந்தவர். கனடிய விமானப்படையின் 413ஆம் அணியில் ஸ்குவாட்ரன் லீடர். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் இருந்த அந்த அணியை யப்பான் தாக்கும் என்ற பயத்தில் இலங்கைக்கு அனுப்பினார்கள். அவர் காலிக்குக் கிட்ட உள்ள கொக்கல வாவியில் தன்னுடைய கற்றலீனா கடல்விமானத்தை இறக்கியது 1942 ஏப்ரல் 2ஆம் தேதி. 4ஆம் தேதி விடியமுன் ரோந்துக்கு வெளிக்கிட்டார். நாள் முழுக்கத் தெற்கே வெறும் கடல். திரும்பும் நேரத்தில், நிலவு எழும்பினால் நாம் நிற்கும் இடத்தைச் சரியாகக் கணித்துவிடலாம், இன்னும் கொஞ்சம் நிற்போம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அப்போதுதான் தெற்கு அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு.

தப்பி ஓடியிருக்கலாம். எண்ணி, வகை பார்த்து, வானொலியில் செய்தி அனுப்பினார்கள். செய்தியை மூன்று தரம் அனுப்புவது முறை. மூன்றாம் தரம் பாதியில் நிற்கும்போது யப்பானியரின் சீரோ போர்விமானங்களின் குண்டு வானொலியை உடைத்தது. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேரை ஒரு யப்பானிய நாசகாரிக் கப்பல் அள்ளிக்கொண்டு போனது. செய்தி கரைக்குக் கிடைத்துவிட்டது, விமானம் மட்டும் கொக்கலவுக்குத் திரும்பவில்லை. அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்துக் கப்பல்களில் பெரும்பகுதி வெளியேறியிருந்தது. 9ஆம் தேதி நமது ஊரான திருகோணமலையில் குண்டு விழுந்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த கதை உங்கள் வீடுகளில் எல்லாம் உண்டு, அதை நான் சொல்லத் தேவையில்லை.

கடலின் அடியில் கிடக்கும் அந்தப் பெயர் தெரியாத விமானிதான் வெற்றிக்குப் பெரிய பங்கு செய்தவர்களில் ஒருவர் என்று சேர்ச்சில் ஒரு விருந்தில் சொன்னதாகவும், அவர் கடலில் இல்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று கனடிய இராஜதந்திரி லெஸ்டர் பியர்சன் திருத்தியதாகவும் ஒரு கதை உண்டு. பேர்ச்சல் யப்பானியச் சிறைமுகாம்களில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தார். நோயாளிகளை அடித்து வேலைக்கு இழுத்த காவலாளியைத் தானே அடித்து, அதற்கு வாங்க வேண்டியதை வாங்கினார். 1945இல் மீண்டார். 2004இல் கிங்ஸ்டனில் காலமானார்.

இனி வேலைக்கு வருகிறேன். நடைபாதை, வாங்கு, பூமரங்கள், வேலித்திருத்தம் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. தொண்டு செய்த இளையவர்களுக்கு நன்றி.

அத்திவாரம்.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் கொடுத்தோம். அவர் குழு உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தம் என்று பேச்சு அடிபடுகிறது. சொந்தம்தான். திருமலையில் யாருக்கு யார் சொந்தமில்லை? மற்ற இரண்டு விலைத்தாள்களும் கோப்பில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம். அந்த உறுப்பினர் வாக்களிப்பின்போது வெளியே போய் நின்றார் என்பது கூட்டக்குறிப்பில் எழுதியிருக்கிறது.

வேலை தொடங்கிய சனிக்கிழமை நமது இளைப்பாறிய எஞ்சினியர் ஐயா ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு வந்து குழியைப் பார்த்தார். இரண்டடி வெட்டியிருந்தார்கள். கம்பி கட்டி, கொங்கிறீற் வண்டிக்கும் சொல்லியாயிற்று. ஐயா கோலைக் குழிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "நிப்பாட்டுங்கோ" என்றார்.

ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். "கல்லுக்கு எதற்கு வீட்டு அத்திவாரம்?" என்ற கேள்வி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரில் மண் உறையாது. இங்கே உறையும். நமது வளவு களிமண், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும்போது மேலே இருப்பதைத் தூக்கும். வசந்தத்தில் உருகும்போது ஒரே சீராக இறக்காது, ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். நாலு குளிர்காலத்தில் கல் சரியும். இதற்காகத்தான் தென் ஒன்ராறியோவில் அத்திவாரத்தை மண் உறையும் ஆழத்துக்குக் கீழே, 1.2 மீற்றர், அதாவது நாலடிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நமது பின்வேலித் தூண்கள் வெறிகாரர் மாதிரிச் சாய்ந்து நின்றது எல்லோருக்கும் தெரியும். அதே மண்தான்.

ஒப்பந்தகாரரின் வாதம், விலைத்தாளில் "அத்திவாரம் உட்பட" என்றுதான் இருக்கிறது, ஆழம் இல்லை என்பது. நமது வாதம், இந்த நாட்டில் தொழில் செய்பவருக்கு அத்திவாரம் என்றால் எவ்வளவு ஆழம் என்று வாடிக்கையாளர் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது. அவர் கோபித்துக்கொண்டு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குழி திறந்தபடி கிடந்தது. மழை பெய்து நிரம்பியது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று சுற்றிவர நாடா கட்டினோம். அந்த நாடாவைப் படம் எடுத்து "இதுதான் உங்கள் திருப்பணியா" என்று அனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

வேறு ஆளைப் பிடித்திருக்கலாமே என்று கேட்டார்கள். விசாரித்தோம். இன்னொருவர் வெட்டிய குழியில் கைவைக்க ஒருவரும் விரும்பவில்லை, விரும்பிய ஒருவர் முழு வேலைக்கும் புதிதாக விலை கேட்டார். பனிக்காலம் வேறு கிட்ட வந்துகொண்டிருந்தது. ஆகவே தலைவரும் பொருளாளரும் ஒப்பந்தகாரர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துக் கதைத்தார்கள். அவர் கேட்டது மேலதிகமாக 4,000 டொலர். 2,600க்கு இறங்கினார். ஆழம் நாலடி, எஞ்சினியர் ஐயா பார்த்து ஒப்பமிட்ட பிறகே கொங்கிறீற், காசு இரண்டு தவணை என்று எழுதி வாங்கினோம். அந்தக் கடுதாசியும் கோப்பில் உண்டு.

2,600 டொலரை வீணாக்கினோம் என்பவர்கள், வருகிற வசந்தத்தில் தண்ணிமட்டம் வைத்துக் கல்லைப் பார்க்கலாம்.

மேலதிகச் செலவில் மிச்சம் சிறியது. மேப்பிள் மரத்தின் வேரை மரத்துக்குக் கேடில்லாமல் வெட்ட 380, இரவு விளக்குக்கு 780. எழுத்து வெட்டும் நிறுவனத்தின் கணினியில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக மாதிரி வந்தது. சாம்பல்தீவு மாஸ்ரர் அவர்களோடு இருந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். அதற்குச் செலவில்லை, மாஸ்ரரின் கண்தான் செலவு.

இனி, காசைவிடக் கூடுதலாகச் சண்டை நடந்த விஷயம், கல்லில் என்ன எழுதுவது.

கனடியப் பத்திரிகைகள் பேர்ச்சலை இலங்கையின் மீட்பர் என்று எழுதி வந்தன. அதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று ஒரு பகுதி. வேண்டவே வேண்டாம் என்று வரலாறு படிப்பித்த ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று பிரித்தானியக் கப்பற்படையின் அட்மிரல் சொமர்வில்லுக்கு முன்பே தகவல் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்து, ஒன்றும் வராததால் மாலைதீவின் அட்டு அற்றோலுக்கு எண்ணெய் எடுக்கப் போனவர் அவர். எச்சரிக்கை கிடைத்தும் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியக் குரூசர் போர்க்கப்பல்கள் ஈஸ்டர் அன்றே மூழ்கி 424 பேர் போனார்கள். 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் போனது, 307 பேர். ஆகவே ஒரு ஆள் ஒரு தீவைக் காப்பாற்றினார் என்று கருங்கல்லில் வெட்டக் குழு ஒப்பவில்லை. அவர் என்ன கண்டார், என்ன அனுப்பினார், என்ன நடந்தது என்று தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் வெட்டியிருக்கிறோம். அதுவே போதும்.

அதோடு பேர்ச்சல் திரும்பி வந்தவர். திரும்பி வராதவர்களை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் கல் வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய விமானத்தில் இறந்த மூவரைக் கீழ்வரியில் சேர்த்தோம். அதற்கும் கீழே, 9ஆம் தேதி காலை அதே கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய இன்னொரு 413ஆம் அணி விமானம். அதன் விமானி தோமஸ். அதில் ஒருவரும் மீளவில்லை. நமது ஊர் தாக்கப்பட்ட அன்று செய்தி அனுப்பியவர் அவர், ஆனால் அவருடைய பெயர் நம்மில் பலருக்கே தெரியாது. உடல் கிடைக்காத விமானப்படையினருக்குச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அங்கே 24,000க்கு மேற்பட்ட பெயர்கள். இந்த வரிகளுக்கு எழுத்துக்கூலி கூடியது உண்மை. அது முதல் மதிப்பீட்டுக்குள்ளேயே அடங்கியது.

அப்புறம், உப்புவெளி அக்கா எழுந்து கேட்ட கேள்வி. "வெள்ளைக்கார விமானிக்குக் கல் வைக்கிறீங்கள். எங்கட பிள்ளையள் காணாமல் போனதுக்கு எங்க கல்?" கூட்டம் அமைதியாகிவிட்டது, தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார். பதில் சொல்லாமல் போனதாகச் சிலருக்கு மனவருத்தம். குழு இதைப் பிறகு இரண்டு கூட்டங்களில் பேசியது. பதில் இதோ.

நமது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களையும் இதே கல்லில் வெட்டலாம் என்ற யோசனைக்குக் குழுவில் பாதிப்பேர் முதலில் ஆதரவாக இருந்தார்கள், நான் உட்பட. மூதூர் மாமி ஒருவர் அதைத் தடுத்தார். அவருடைய தம்பி 1990இலிருந்து இல்லை. அவர் சொன்னது இதுதான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017 முதல் தெருவோரம் கொட்டில் போட்டு இருந்து, பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே ரொறன்ரோவில் நாங்கள் கையைத் தூக்கி வாக்களித்து நினைவுக்கல்லில் வெட்டினால், அந்தத் தாய் கொடுக்க மறுத்ததை நாங்கள் கொடுத்ததாகிவிடும். கடலுக்கடியில் கிடக்கிறார் என்று நினைத்த பேர்ச்சலே முகாமில் உயிரோடு இருந்தாரே என்றும் மாமி கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பிரேரணையை எடுக்கவில்லை. குடும்பங்கள் தாங்களே கேட்டால் எந்தக் குழுவும் மறுக்காது. அதற்கென்று கல்லுக்கு அருகில் இடம் விட்டிருக்கிறோம், அதற்கடியிலும் நாலடி கொங்கிறீற் இருக்கிறது. உப்புவெளி அக்கா இந்தப் பதிலில் திருப்திப்படவில்லை. ஆனாலும் நன்கொடையைத் திருப்பிக் கேட்கவில்லை. திறப்பு அன்று பொங்கலும் அவர்தான் வைத்தார்.

நன்கொடையாளர்கள். பற்றுச்சீட்டில் எப்படி எழுதச் சொன்னார்களோ அப்படியே தருகிறேன், முழுப்பெயர்கள் மண்டப வாசலில் தொங்குகின்றன. நிலாவெளி பெரியண்ணர் குடும்பம் 2,000. உப்புவெளி அக்காவும் மகளும் 1,500. மூதூர் மாமி, தம்பியின் பேரில், 1,000. சாம்பல்தீவு மாஸ்ரர், பென்சன் காசில், 1,000. மளிகைக்கடை முதலாளி 1,000, திறப்பு விழாவுக்கு அரிசி தனி. கன்னியா இரட்டையர் ஆளுக்கு 500. தம்பலகாமம் டொக்டர் தங்கச்சி 500. எஞ்சினியர் ஐயா 500, சம்பளமில்லாத மேற்பார்வை தனி. பாலையூற்று பேரூந்துச் சாரதி அண்ணர் 300. கிண்ணியாவிலிருந்து வந்து மிசிசாகாவில் இருக்கும் நமது முஸ்லிம் சகோதரர் 300. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கார் கழுவிச் சேர்த்தது 265. பக்கத்துத் தெருக் கனடியக் கிழவர் 100, அவருடைய மாமன் போரில் லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானத்தில் போய் வராதவராம். 250க்குக் குறைவாகத் தந்த மற்றவர்கள் பலர், அவர்கள் பெயரும் வாசலில் உண்டு. தருவதாகச் சொல்லிவிட்டு இன்னும் தராதவர்கள் பெயரையும் தொங்கவிடச் சொன்ன உறுப்பினரின் ஆலோசனையைக் குழு நன்றியோடு ஒதுக்கி வைத்தது.

மதிப்பீடு 14,500 டொலர். மொத்தச் செலவு, விற்பனை வரி உட்பட, 18,260. நன்கொடை 15,900. குறைந்த 2,360ஐக் கலைவிழா மிச்சத்திலிருந்து எடுத்தோம், பொதுக்கூட்ட அனுமதியோடு. ஒப்பந்தகாரருக்கு இரண்டாம் தவணையும் கொடுத்தாயிற்று. அவர் திறப்பு விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டும் போனார்.

இந்தக் குழுவின் காலம் இத்தோடு முடிகிறது. மீண்டும் நிற்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு, எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. கோப்பு, காசோலைப் புத்தகம், விளக்கின் திறப்பு மூன்றும் பொருளாளரிடம் இருக்கின்றன. கணக்குப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலை 10 மணிக்குப் பிறகு மண்டபத்துக்கு வரலாம். வண்டியை முன்பக்கம் நிறுத்துங்கள், பின்வளவில் புதுப்புல் விதைத்திருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர், திருப்பணிக் குழு