கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள செல்விக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியப்பா வீட்டு விவகாரம் அப்படியேதான் இருக்கிறது.

உன் கம்பெனியை இன்னொன்றோடு இணைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் 'பெஞ்ச்' என்று ஏதோ ஆரம்பித்துப் பேச்சை மாற்றிவிட்டார். ப்ராஜெக்ட் இல்லாமல் சம்பளத்தோடு காத்திருப்பதைத்தானே அப்படிச் சொல்கிறீர்கள்?

நீ பத்தாவது படிக்கும்போது சிப்காட்டில் எங்கள் ஆலை கைமாறியது நினைவிருக்கும். இணைந்த புதிதில் எல்லாமே இரட்டையாகிவிடும்: இரண்டு கணக்குப் பிரிவு, இரண்டு கொள்முதல் பிரிவு, இரண்டு ஸ்டோர்ஸ். போட்ட பணத்துக்கு மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டுமே! இன்றைக்கு வேலை இல்லாதவற்றின்மேல்தான் முதலில் கண் விழும். புதிய அதிகாரி ஸ்டோர்ஸில் என் அலமாரிகளைப் பார்த்து, அசையாத சரக்கெல்லாம் 'டெட் ஸ்டாக்' என்றார். கிரீஸ் தடவி, தாளில் சுற்றி, துண்டுச்சீட்டு கட்டி நான் வைத்திருந்த பேரிங்குகளும் சீல்களும் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஓடும் பம்ப் பழுதானால் உதவ வைத்திருந்த ஸ்டாண்ட்பை பம்பும் போயிற்று. லீவுக்கு மாற்றாக வந்தவர்களையும் நிறுத்தினார்கள். அந்த வருடம் லாபம் நன்றாகத் தெரிந்தது. பிறகு 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. மின்சாரம் திரும்பி வந்த பிறகும் பம்ப் ஓடவில்லை. முன்பு என் அலமாரியில் கிடந்த ஒரு சீலுக்காக மொத்த ஆலையும் காத்துக் கிடந்தது.

பெஞ்சில் இருப்பவர்களும் அந்த ஸ்டாண்ட்பை பம்ப் போலத்தான். புது ப்ராஜெக்ட் வந்த மறுநாளே ஆள் கொடுக்க முடிவது அவர்களால்தானே? உன்னை யாராவது தண்டச் செலவு என்றால் நம்பாதே. இந்தத் தெருவில் உன்னைப் போல் உழைத்துப் படித்த பெண் இல்லை. ஆனால் இந்த மாதம் ஒரே ஒரு முறைதான் பேசினாய், அதுவும் அம்மாவிடம்.

ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். போனஸ் வந்தால் வீட்டுக் கடனில் கட்டிவிடாதே, கையில் வை. நீ பார்க்கும் அதே வேலையை அந்தக் கம்பெனியிலும் யாராவது பார்க்கிறார்களா? அதை மட்டும் சொல். நீயாகவே ராஜினாமா செய்வதாக எழுதித் தரச் சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதே. இழப்பீடு என்ன, நோட்டீஸ் எத்தனை நாள் என்று எழுத்தில் கேள். எனக்கு அனுப்பு. நான் படித்துப் பார்க்கிறேன்.

இரவு எத்தனை மணியானாலும் போன் செய். ஆறு மாதச் செலவு, கையில்.

அன்புடன்,
அப்பா
மஞ்சக்குப்பம், கடலூர்